கோட்டம்

கிருஷ்ணகிரியில் வருவாய்க் கோட்டம் உண்டு,
மின்வாரியக் கோட்டம் உண்டு,
இரண்டுக்கும் பெயர்ப்பலகை உண்டு.
என் பின்சக்கரத்தின் கோட்டத்துக்குப் பலகை தேவையில்லை.
சுற்றிவிட்டால் போதும்,
சுற்றுக்கொருமுறை பிரேக் கட்டையை உரசி
இங்கே, இங்கே என்று
தானே காட்டிக்கொடுக்கும்.

பர்கூர் ரோட்டில் எங்கள் கல் பட்டறைக்குப் பின்னால்
ஏற்றுமதிக்கு ஆகாதென்று தள்ளிய கிரானைட் பலகைகள்.
நாலை அடுக்கி ஒன்றைச் சாய்த்தால் ஏற்றம்.
நைட் ஷிப்ட் முடிந்து, முகத்தில் பால்மாவு போல கல்தூசியோடு
அதில் ஏறிப் பறப்பேன்.
மேலே இருப்பது ஒரு நொடி.
நெடுஞ்சாலை லாரிகளின் தார்ப்பாய் முதுகு தெரியும்.
பிறகு கணக்கு:
அறுபத்தெட்டு கிலோ நான், பதின்மூன்று கிலோ வண்டி,
அத்தனையும் ரிம்மின் ஒரு சாண் இடத்தில்.
ஒற்றைச் சுவர் ரிம். எத்தனை நாள் தாங்கும்?
ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு போட்டுக்கொண்டது.

ஓசூர் பஸ்ஸில் செத்த சக்கரத்துக்கும் அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.

கடையில் என் கண் முதலில் போனது நிறத்துக்கு.
மழைத்தண்ணீரில் டீசல் படர்ந்த மாதிரி
ஊதாவும் பச்சையும் ஓடும் ஒரு ஹப்.
நாகவேணி அதை என் கையிலிருந்து வாங்கி
மேல்தட்டில் வைத்தாள்.
"எவ்ளோ எடை இருப்பீங்க? எவ்ளோ உயரத்துல இருந்து விழுவீங்க?"
"விழமாட்டேன். இறங்குவேன்."
"சக்கரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க."

நாற்பத்தெட்டு கம்பி கேட்டேன்.
முப்பத்தாறு போதும் என்றாள், ரெட்டைச் சுவர் இருந்தால்.
பதினாலு மில்லி அச்சு கேட்டேன்.
என் ஃப்ரேமின் காடி பத்து மில்லிக்கு வெட்டியது.
"கிரைண்டர் இருக்கு, நானே அறுத்து அகலப்படுத்திக்கிறேன்."
"கல்லுன்னு நினைச்சீங்களா?"
அதற்குமேல் நான் பேசவில்லை.

அப்புறம் அந்த ஒன்பது பல் ஹப்.
அதை எடுத்தால் முன்னால் இருபத்தைந்து பல் வட்டம் வேண்டும்,
அதற்கு வேறு கிராங்க்,
அதற்கு வேறு செயின்.
ஒரு பத்திரிகை வைத்தால்
பங்காளி, சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரன் என்று
வேன் பிடித்து வந்திறங்கும் போல.
என்னிடம் இருந்தது ஆறாயிரத்து நானூறு.
பழைய பதினாறு பல் ஃப்ரீவீலே திருகிக்கொள்ளும்
ஒரு சாதாரண ஹப்புக்கு இறங்கிவந்தேன்.
அச்சு மட்டும் குரோமோலி. வெள்ளி நிறம். எந்த அழகும் இல்லை.

சட்டைப்பையில் இரண்டு பெக் இருந்தது.
குவாரியில் தேய்ந்த துரப்பணக் கம்பியை
லேத்தில் கொடுத்து நானே கடைந்து வாங்கியது.
காட்டினேன்.
கையில் எடை பார்த்தாள், விரலால் தடவினாள்,
"நல்லா இருக்குங்க" என்றாள்.
"இந்த அச்சுல மாட்டாதீங்க."

கடைசியில் கட்டி வைத்த சக்கரம் இரண்டு எடுத்துப்போட்டாள்,
ஒரே ரிம், ஒரே விலை, எது வேணுமோ எடுத்துக்கோங்க என்று.
பலகை வாங்குமுன் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்கிறவன் நான்.
ரேகை ஓடிய கல் மந்தமாகப் பேசும்,
உள்ளே கெட்டியான கல் வெண்கலம் மாதிரி பதில் சொல்லும்.
நகத்தால் கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டே போனேன்.
இரண்டாவது சக்கரத்தில், வால்வு துளைக்கு நாலு கம்பி தள்ளி,
"இது" என்றேன்.
"அது" என்றாள், அதே நொடியில், பில் புத்தகத்திலிருந்து நிமிராமலே.
சாவி எடுத்துக் கால் திருகு வைத்தாள்.
நான் முதல் சக்கரத்தையே எடுத்துக்கொண்டேன்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியற்காலை, முதல் இறக்கத்தில்,
டிங், டிங், டிங் என்று கம்பிகள் கத்தின.
பயப்படாதீங்க, இடம் பிடிச்சு உட்காருது என்று
சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.
ஆனாலும் பயந்தேன்.
இறங்கி, தூக்கி நிறுத்திச் சுற்றினேன்.
கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே
நூல் பிடித்த மாதிரி வெளிச்சம், சுற்று முழுக்க.

பெக் இரண்டும் மீட்டர் பெட்டி மேல் கிடக்கிறது.

முன்சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்.
மந்தம்.
ஏழாம் தேதி சம்பளம்.